தைராய்டு எடுத்த மூன்றாம் நாள் ராத்திரி

எனக்குத் தைராய்டு சுரப்பியை முழுசாக எடுத்தது 2023 ஜூலை 24, திங்கட்கிழமை. ஆடி மாதம். திருச்செங்கோட்டில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, ஜாக்கெட் தைக்கக் கூட்டம் வராது என்று கணக்குப் போட்டுத்தான் அந்தத் தேதியை வாங்கினேன். பதினைந்து நாளில் மெஷினில் உட்கார்ந்துவிடலாம், ஆவணி முகூர்த்தத்துக்குத் துணி வாங்கிவிடலாம், தீபாவளிக்கு எப்போதும்போல ஓடலாம் என்று நினைத்திருந்தேன். நான் முழு நாள் மெஷினில் உட்கார்ந்தது 2024 மார்ச்சில். நடுவில் போன எட்டு மாதத்தைப் பற்றி யாராவது கால் மணி நேரம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் அதில் பாதியாவது மிச்சமாகியிருக்கும். ஆபரேஷனை நினைத்துப் பயமுறுத்தவும் தைரியம் சொல்லவும் நிறையப் பேர் இருந்தார்கள். அதற்கப்புறம் என்ன வரும் என்று சொல்ல ஒருத்தர்கூட இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு நோய் ஆரம்பித்தது 2016 கடைசியில். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. கண் நன்றாகத்தான் தெரிந்தது, நூல் முனைதான் ஊசிக்காதைச் சுற்றிச் சுற்றி ஆடியது. கொக்கி கட்டும்போது விரல் நடுங்கி, ஒரு கல்யாணப் பட்டு ஜாக்கெட்டில் ஊசி இழுத்து நூல் பிரிந்துபோனது. அந்தத் துணிக்கு என் கைக்காசைக் கொடுத்தேன். மார்கழிக் குளிரிலும் வேர்த்துக் கொட்டும். நன்றாகச் சாப்பிட்டும் 58 கிலோ இருந்தவள் 47 கிலோ ஆனேன். அதுவரை அமாவாசைக்கு அமாவாசை படி ஏறியே மலைக்கோயிலுக்குப் போவேன். அந்த வருஷம் அறுபதாம் படிக்குப் போவதற்குள் நெஞ்சு அடித்துக்கொண்டதில் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பார்த்தவர்கள் எல்லாம் “ஏனம்மிணி இப்படி எளைச்சுப் போயிட்டே, சர்க்கரை கிர்க்கரை இருக்குதான்னு பாரு” என்றார்கள். சர்க்கரை இல்லை. பக்கத்து டாக்டர் டென்ஷன் என்று சொல்லிச் சத்து மாத்திரையும் தூக்க மாத்திரையும் கொடுத்தார். அத்தை ஒரு பக்கம் மந்திரித்துக் கயிறு கட்டினார். இப்படியே ஏழு மாதம் ஓடிப்போயிற்று. கடைசியில் மகளுக்குக் காய்ச்சல் என்று ஈரோட்டில் ஒரு டாக்டரிடம் போனபோது, அவர் மகளை விட்டுவிட்டு என் கண்ணையே பார்த்தார். “உங்களுக்குத் தைராய்டு பாத்திருக்கீங்களாம்மா?” என்றார். அன்றைக்கே ரத்தம் கொடுத்தோம். டிஎஸ்எச் 0.01-க்கும் கீழே. தைராய்டை வேலை செய்யச் சொல்லித் தூண்டுகிற ஹார்மோன் அது. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் கூடினால் இது இறங்கும், குறைந்தால் ஏறும். கிரேவ்ஸ் நோய் என்றார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டை விடாமல் தூண்டிவிட்டு ஹார்மோனைக் கொட்ட வைக்கிற நோய் அது. நம் ஊரில் தைராய்டு என்றாலே உடம்பு போடும் என்றுதான் நினைக்கிறோம். இளைக்க வைக்கிற தைராய்டும் உண்டு. காரணம் இல்லாமல் இளைத்து, நெஞ்சு படபடத்து, கை நடுங்கினால் சர்க்கரையோடு சேர்த்து டிஎஸ்எச்சும் பாருங்கள். சில நூறு ரூபாய் டெஸ்ட்தான்.

கார்பிமசோல் மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் உடம்பு தேறிவிட்டது, கை நடுக்கம் நின்றுவிட்டது. ஏழாவது மாதம் நானே மாத்திரையை நிறுத்தினேன். இது முழுக்க என் தப்பு. ஒன்று ஒன்றரை வருஷமாவது தொடர்ந்து சாப்பிட வேண்டிய மாத்திரை அது. ரிப்போர்ட் நார்மல் என்றால் மாத்திரை வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம், நோய் போய்விட்டது என்று இல்லை. 2018-இல் திரும்பி வந்தது. இரண்டாம் தடவை ஒழுங்காக ஒன்றரை வருஷம் சாப்பிட்டு, டாக்டர் சொல்லித்தான் நிறுத்தினேன். அப்படி நிறுத்தியும் 2021-இல் மறுபடி வந்துவிட்டது. முறையாகச் சாப்பிட்டு நிறுத்தினாலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் திரும்ப வருமாம். இந்த மாத்திரை பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைச் சாப்பிடும் காலத்தில் காய்ச்சலோ தொண்டை வலியோ வாய்ப்புண்ணோ வந்தால், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பார்த்து ரத்தத்தில் வெள்ளை அணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். அரிதாகச் சிலருக்கு வெள்ளை அணு அடியோடு குறைந்து உயிருக்கே ஆபத்தாகும். நாலைந்து வருஷம் இந்த மாத்திரையைச் சாப்பிட்டேன். இடையில் எத்தனையோ தடவை தொண்டை கட்டியது, கஷாயம் வைத்துக் குடித்துவிட்டு வேலையைப் பார்த்தேன். நல்ல வேளை, எனக்கு எதுவும் ஆகவில்லை. யாரும் சொல்லாததால் எனக்கு இது தெரியவே இல்லை.

மூன்றாவது தடவை கழுத்து நன்றாகவே வீங்கிவிட்டது. மல்லாந்து படுத்தால் தொண்டையை யாரோ அமுக்குவதுபோல இருக்கும். கண் பிதுங்கி, தூங்கும்போதும் பாதி மூடாமல், காலையில் மணல் விழுந்த மாதிரி உறுத்தும். அயோடின் கதிரியக்க மருந்து கொடுத்துச் சுரப்பியைக் கருக்குவது ஒரு வழி, ஆபரேஷன் ஒரு வழி என்றார்கள். கண் பாதித்திருக்கிறவர்களுக்குக் கதிரியக்க மருந்து கண்ணை இன்னும் மோசமாக்கலாம் என்பதால் ஆபரேஷன் என்று முடிவானது. வீட்டுக்காரர் லாரி டிரைவர், வடக்கே லோடு ஏற்றினால் திரும்ப இருபது இருபத்தைந்து நாள் ஆகும். அவர் ஊரில் இருக்கிற வாரமாகப் பார்த்து கோயம்புத்தூரில் தேதி வாங்கினோம்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஹார்மோன் கட்டுக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுரப்பியில் கை வைக்கும்போது அத்தனையும் ரத்தத்தில் கொட்டி இதயத்தைப் பாதிக்கலாம். அதனால் இரண்டு மாதம் மாத்திரை, கடைசிப் பத்து நாள் லூகால் அயோடின் சொட்டு. தண்ணீரில் விட்டுக் குடிக்க வேண்டும், இரும்பை நக்கிய மாதிரி ருசி. ஒரு சொட்டு என் வெள்ளைத் துணியில் சிந்தியது, அந்தக் கறை இன்னும் போகவில்லை. மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் குரல் நாண் இரண்டும் அசைகிறதா என்று பார்த்தார்கள். எனக்குப் பார்க்காமல் விட்டது விட்டமின் டி. பின்னால் பார்த்தபோது வெறும் 11 இருந்தது. நாள் முழுக்கக் கடைக்குள் உட்கார்ந்து தைக்கிறவளுக்கு அது குறைவாகத்தானே இருக்கும். அதை முன்கூட்டியே பார்த்து ஏற்றியிருந்தால் எனக்கு அந்த ராத்திரியே வந்திருக்காதோ என்று இன்றைக்கும் நினைப்பேன். ஆகவே ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும் கால்சியமும் விட்டமின் டியும் பார்க்கச் சொல்லி நீங்களே கேளுங்கள். அதற்காக டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தியேட்டருக்குப் போகுமுன் தாலிக்கொடியைக் கழற்றச் சொன்னார்கள். அத்தைக்கு மனசே இல்லை. கடைசியில் ஒரு மஞ்சள் கயிற்றை என் கைமணிக்கட்டில் கட்டிவிட்டார், நர்ஸ் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டரை மணி நேரம் ஆனதாம். கண் விழித்தபோது கழுத்தில் ஒரு ரப்பர் குழாய், அதன் நுனியில் ரத்தம் வடிய ஒரு டப்பா. வலி நான் பயந்த அளவுக்கு இல்லை. எச்சில் விழுங்குவதுதான் கஷ்டம். தலையைத் தூக்கினால் தையல் தெறிப்பதுபோல இருக்கும். ஒரு நர்ஸ் அக்கா காட்டிக்கொடுத்தது: எழும்போது இரண்டு கையையும் கோத்துப் பின்தலையைத் தாங்கிக்கொண்டு, ஒருக்களித்து எழ வேண்டும். இந்தச் சின்ன விஷயம் இரண்டு வாரத்துக்கு எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. முதல் ராத்திரி முழுக்க மணிக்கொரு தடவை வந்து கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். உள்ளே ரத்தம் கசிந்து கழுத்து வீங்கினால் மூச்சுக்குழாயை அமுக்கிவிடும், பெரும்பாலும் முதல் இருபத்துநாலு மணி நேரத்தில்தான் அது வரும். கழுத்து இறுகுகிற மாதிரியோ மூச்சு முட்டுகிற மாதிரியோ இருந்தால் மணியை அடிக்கத் தயங்கவே கூடாது.

புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டிஸ்சார்ஜ் காகிதம் முழுக்க ஆங்கிலம். கால்சியம் காலை ஒன்று இரவு ஒன்று, எடுத்த சுரப்பிக்குப் பதிலாக ஹார்மோன் தருகிற தைராக்சின் மாத்திரை 100 மைக்ரோகிராம் காலை ஒன்று, அப்புறம் கால்சிட்ரியால் என்று ஒரு சின்ன கேப்சூல். அந்தக் கேப்சூல் மட்டும் அங்கே மருந்துக் கடையில் தீர்ந்துபோயிருந்தது. “உங்க ஊர்லயே கிடைக்கும், வாங்கிக்கோங்க” என்றார்கள். ஏதோ சத்து மாத்திரையாக இருக்கும், மெதுவாக வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். வியாழக்கிழமை மத்தியானம் வீட்டுக்காரர் கௌஹாத்தி லோடுக்குக் கிளம்பினார். ஆபரேஷன்தான் நல்லபடியாக முடிந்ததே என்று நானேதான் போகச் சொன்னேன். அத்தையும் மாட்டைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போய்விட்டார். வீட்டில் நானும் பத்தாவது படிக்கிற மகளும் மட்டும்.

அன்றைக்குச் சாயங்காலமே உதட்டைச் சுற்றி மதமதவென்று இருந்தது. மயக்க மருந்தின் மிச்சம் என்று நினைத்தேன். ராத்திரி பத்து மணிக்கு விரல் நுனியெல்லாம் ஊசி குத்துகிற மாதிரி. பன்னிரண்டு மணிக்கு மேல் வலது கை தானாக மடங்க ஆரம்பித்தது. நாலு விரலும் விறைத்து ஒன்றாகச் சேர்ந்து குவிந்துகொண்டன, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் இழுத்துக்கொண்டது. இடது கையால் பிரிக்கப் பார்த்தேன், பிரிக்க முடியவில்லை. அப்புறம் இடது கையும் அதேபோல ஆனது. இருபது வருஷமாகத் துணி வெட்டுகிற என் கை இரண்டும் எனக்கே சொந்தமில்லாத மாதிரி மடியில் கிடந்தன. மகளைக் கூப்பிட வாயைத் திறந்தால் குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. காலால் பீரோவை உதைத்து அவளை எழுப்பினேன். அவள் அழுதுகொண்டே ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டு அக்காவை எழுப்ப, அவர் மகன் காரை எடுத்தான். ஈரோடு போய்ச் சேரும்போது மணி இரண்டரை. கால்சியம் 6.4. குறைந்தது 8.5 இருக்க வேண்டும். இதயத் துடிப்பைத் திரையில் பார்த்துக்கொண்டே நரம்பில் கால்சியம் மெதுவாக ஏற்றினார்கள். கட்டைவிரல் தளர்ந்து வெளியே வந்தபோது விடியப்போகிற நேரம். மூன்று நாள் அங்கேயே இருந்தேன்.

ஏன் இப்படி ஆகிறது என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். தைராய்டின் முதுகுப் பக்கம் பாராதைராய்டு என்று நாலு குட்டிச் சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கும், ஒவ்வொன்றும் ஓர் அரிசி அளவுதான். ரத்தத்தில் கால்சியத்தைப் பிடித்து வைப்பது அவைதான். தைராய்டை எடுக்கும்போது அவற்றைப் பத்திரமாக விட்டுவைத்தாலும், ரத்த ஓட்டம் பாதித்து சில வாரம் சில மாதம் வேலை செய்யாமல் கிடக்கலாம். போதாததற்கு, நாள்பட்ட கிரேவ்ஸ் எலும்பிலிருந்து கால்சியத்தை உருவிவிட்டிருக்கும். சுரப்பி போனதும் எலும்பு விட்டதையெல்லாம் ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு முதல் நாலு நாளுக்குள் கால்சியம் அடிமட்டத்துக்கு இறங்குவது அதனால்தான். நம்மை வீட்டுக்கு அனுப்புகிறதும் சரியாக அந்த நாளில்தான். நான் விட்டுவிட்ட கால்சிட்ரியால் சத்து மாத்திரை இல்லை. சாப்பிடுகிற கால்சியத்தைக் குடல் உறிஞ்ச அதுதான் வேண்டும். ஆகவே எழுதிய அத்தனை மருந்தும் கைக்கு வராமல் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பாதீர்கள். உதடு, விரல் நுனி மதமதத்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ராத்திரியில் கூப்பிட ஒரு போன் நம்பரை வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள். முதல் ஒரு வாரம் பெரியவர் ஒருவர், கூடவே ஒரு வண்டி, வீட்டில் இருந்தே ஆக வேண்டும். மகளை அந்த ராத்திரி அப்படி ஓடவிட்டதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

இவ்வளவு பட்ட பிறகும் அடுத்த தப்பு நடந்தது, அதுவும் தெரியாமல். கால்சியத்துக்குப் பயந்து ஒரு வேளையும் தவறாமல் சாப்பிட்டேன். காலையில் எழுந்ததும் தைராக்சினையும் கால்சியத்தையும் ஒன்றாகப் போட்டு, கையோடு ஒரு டம்ளர் டீ குடிப்பேன். காகிதத்தில் இரண்டுக்கும் “காலை” என்றுதானே இருந்தது. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் டிஎஸ்எச் 38. முன்பு இளைத்த உடம்பு இப்போது ஊதியது. 52 கிலோவிலிருந்து 61. புரட்டாசி வெயிலில் ஸ்வெட்டர் போட்டேன். முகம் உப்பி, மலம் இறுகி, ஒரு ஜாக்கெட்டுக்கு அளவு எடுத்துவிட்டு அதைச் சீட்டில் எழுதுவதற்குள் மறந்துபோவேன். டாக்டர் 125 ஆக்கினார், அப்புறம் 150. தீபாவளி அப்படியே போயிற்று. டிசம்பரில்தான் ஈரோட்டில் ரத்தம் எடுக்கிற பெண் பேச்சுவாக்கில் கேட்டாள்: “மாத்திரை எப்படிங்கக்கா சாப்பிடறீங்க?” சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டாள். கால்சியம் தைராக்சினோடு ஒட்டிக்கொண்டு அதை உடம்பில் ஏறவிடாது. இரும்புச்சத்து மாத்திரையும் அப்படித்தான். நடுவில் நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். டீ, காபி, பாலுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். சரி என்று நேரத்தைப் பிரித்தேன். இப்போது 150 அப்படியே உடம்பில் ஏறிவிட்டது, ஜனவரியில் டிஎஸ்எச் 0.05, நெஞ்சு பழையபடி அடிக்கத் தொடங்கியது. மறுபடி நோயே வந்துவிட்டதோ என்று ராத்திரியெல்லாம் அழுதேன். அளவைக் குறைத்து 100-க்கே வந்தபோது மார்ச். முதலில் எழுதிக்கொடுத்த அதே அளவு.

ஒவ்வொரு தடவை அளவை மாற்றிய பிறகும் ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்துத்தான் ரத்தம் பார்க்க முடியும், அதற்கு முன் பார்த்தால் சரியான கணக்கு வராது. அதனால்தான் ஒரு சின்னத் தப்பு நாலு மாதத்தை விழுங்கிவிடுகிறது. டாக்டர் அளவைக் கூட்டுகிறேன் என்றால் “நான் இப்படித்தான் சாப்பிடறேன், இது சரிங்களா?” என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள். இப்போது நான் குடிதண்ணீர் பிடிக்க நாலரை மணிக்கு எழும்போது வெறும் தண்ணீரில் தைராக்சின். ஐந்தரைக்கு டீ. கால்சியம் மத்தியானச் சாப்பாட்டோடு, அப்புறம் ராத்திரிச் சாப்பாட்டோடு. அந்தக் கால்சியம் சோற்றோடு சாப்பிட்டால்தான் நன்றாகச் சேரும். பாபின் போட்டு வைக்கிற கண்ணறை டப்பா ஒன்றைக் கழுவி, கால்சியத்தையும் கேப்சூலையும் ஒவ்வொரு குழியிலும் ஒரு வேளைக்கானதாகப் போட்டு வைத்தேன். பாபின் இருந்த இடத்தில் மாத்திரை என்பதால் கண் தானாக அங்கே போகும். தைராக்சினை மட்டும் அதன் பாட்டிலிலிருந்து எடுத்து வேறு டப்பாவில் போட்டு வைக்கக் கூடாது. வெளிச்சம், ஈரம், சூடு மூன்றும் அதற்கு ஆகாது. நான் அதை அடுப்புப் பக்கம் மசாலா டப்பாவோடு வைத்திருந்தேன், இப்போது பீரோவில். மருந்துக் கடையில் “இது இல்லைங்க, வேற கம்பெனி தரட்டுமா, எல்லாம் ஒண்ணுதான்” என்றால் வாங்காதீர்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டு, ஆறு வாரம் கழித்து டிஎஸ்எச் பாருங்கள். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும், இல்லையென்றால் ரிப்போர்ட்டே தப்பாகக் காட்டலாம். முட்டைக்கோஸ் ஆகாது, கம்பங்கூழ் ஆகாது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கழுத்தில் சுரப்பியே இல்லாதபோது கம்பு எதைக் கெடுக்கும்? மாத்திரை நேரத்தோடு மோதாமல் எனக்குப் பிடித்ததைச் சாப்பிடுகிறேன். முதல் இரண்டு வாரம் விழுங்க முடியாதபோது சந்தகையும் தேங்காய்ப்பாலும், குழைய விட்ட பச்சைப்பயிறும்தான் இறங்கின.

குரல் திரும்ப நாலு மாதம் ஆயிற்று. கரகரவென்று, பாதிப் பேச்சில் காற்றாகிவிடும். கடைக்குப் போன் செய்தவர்கள் “ஏனுங்கண்ணா, அக்கா இல்லீங்களா?” என்று கேட்டார்கள். அதற்குப் பயந்து போனை மகளிடம் கொடுத்துவிடுவேன். குரல் நாணுக்குப் போகிற நரம்பு தைராய்டை ஒட்டியே ஓடுகிறது. அது லேசாக அதிர்ந்தாலே இப்படி ஆகுமாம், பெரும்பாலும் தானே சரியாகும். தண்ணீர் குடித்தால் புரையேறும். முகவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால் ஏறாது. ஆறு வாரமாகியும் குரல் தேறவில்லை என்றால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள், குரல் பயிற்சி கொடுப்பார்கள். நான் வெட்கப்பட்டு மூன்று மாதம் போகவில்லை. பயிற்சி ஆரம்பித்த மூன்று வாரத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. தழும்புக்குத் தையல் நன்றாக ஆறிய பிறகு சிலிகான் ஜெல் தடவினேன், வெயில் படாமல் முந்தானையால் மூடினேன். தாலிக்கொடி தழும்பில் உரசிச் சிவந்துகொண்டே இருந்ததால் இரண்டு மாதம் வெறும் மஞ்சள் கயிறுதான்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷனுக்கு 1,32,000. முன்னால் எடுத்த டெஸ்ட்டுகள் 9,500. அந்த ஒரு ராத்திரிக்காகப் போன மூன்று நாளுக்கு 38,000. தீபாவளிக்கும் தை முகூர்த்தத்துக்கும் வராமல் போன கூலி 70,000-க்குக் குறையாது. நகையை அடகு வைத்துத்தான் கட்டினோம், இன்னும் இரண்டு பவுன் மீட்கவில்லை. இத்தனைக்கும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை எங்கள் பீரோவிலேயே இருந்தது. பணம் கட்டின பிறகுதான் உறவில் எனக்கு நங்கை முறையாகிற ஒருத்தி ஞாபகப்படுத்தினாள். போய்க் கேட்டால், அட்மிஷனுக்கு முன்பே விண்ணப்பித்து ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும் என்றார்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருந்தால் அந்த அட்டை வாங்கலாம். தேதி குறிக்கும் முன்பே காப்பீட்டு கவுன்ட்டரில் போய், இந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறதா, இந்த ஆபரேஷன் அதில் வருமா என்று கேட்டுவிடுங்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி மாதிரியான இடங்களிலும் விசாரியுங்கள். இன்னொன்று, எடுத்த சுரப்பியைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அந்த ரிப்போர்ட்டை நான் இரண்டு மாதம் வாங்கவே இல்லை. நல்ல வேளையாகப் புற்று எதுவும் இல்லை என்று வந்தது. இருந்திருந்தால் இரண்டு மாதம் வீணாகியிருக்கும்.

மனசைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். டிஎஸ்எச் 38 இருந்த மாதங்களில் காரணமே இல்லாமல் அழுவேன். அத்தை கெட்டவர் இல்லை, ஆனாலும் “அதான் ஆபரேஷன் முடிஞ்சு போச்சே, இன்னும் என்ன படுக்கை?” என்று அவர் கேட்ட நாளில் நான் சாப்பிடவில்லை. என் சோம்பல் என்றே நானும் நம்பினேன். ஹார்மோன் இல்லாத உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று தெரிந்திருந்தால் என்னை நானே அவ்வளவு திட்டியிருக்க மாட்டேன். வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷன் நடந்திருந்தால், தையல் ஆறிவிட்டது என்பதை வைத்து அவர்களை எடை போடாதீர்கள்.

போன மாதம் பள்ளிபாளையத்திலிருந்து ஒரு பெண் ஜாக்கெட் தைக்க வந்தாள். அளவு எடுக்கக் கழுத்தில் டேப்பை வைத்தபோது கட்டி கையில் தட்டியது. அடுத்த வாரம் ஆபரேஷன் என்றாள். துணியைக் கீழே வைத்துவிட்டு, பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் மாத்திரை நேரம், வாங்க வேண்டிய மருந்து, கேட்க வேண்டிய டெஸ்ட் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். அவளுக்கு ஆபரேஷன் ஆன மூன்றாம் நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு நானே போன் செய்தேன்.

“உதட்டைச் சுத்தி எப்படி இருக்குது கண்ணு?”

“லேசா மதமதன்னு இருக்குதுங்கக்கா. காலைல பாத்துக்கலாம்னு இருந்தேன்.”

“வீட்டுக்காரர் இருக்கிறாரா? வண்டி இருக்குதா?”

இருக்கிறார் என்றாள். ஆஸ்பத்திரி நம்பருக்கு அவரைப் பேசச் சொன்னேன். உடனே வரச் சொன்னார்களாம். அவர்கள் வண்டி கிளம்பும் சத்தம் கேட்கும்வரை லைனிலேயே இருந்தேன்.